நோர்வேயில் குடும்பப் பெயர்: சட்டம் எதற்கு இடம் தருகிறது?

நோர்வேயில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் முடிவதற்குள் பெயர் அறிவித்துவிட வேண்டும். முதற்பெயரும் குடும்பப் பெயரும் கட்டாயம், நடுப்பெயர் அவரவர் விருப்பம். மக்கள் பதிவேடு வரித்துறையிடம் இருப்பதால் அறிவிப்பும் அங்கேதான் போகும். கட்டணம் கிடையாது. கெடுவுக்குள் குடும்பப் பெயரைத் தெரிவிக்காவிட்டால் தாயின் குடும்பப் பெயரே குழந்தைக்குப் பதிவாகிவிடும். 2002இல் நிறைவேறி, 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் பெயர்ச் சட்டம் சொல்வது இது.

குடும்பப் பெயரில் இவ்வளவு கறாராக இருக்கும் நாட்டில், நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை பலருக்கு நிலையான குடும்பப் பெயரே இல்லை. கிராமத்தில் ஹான்ஸ் என்பவரின் மகன் ஊலே என்றால் அவன் ஊலே ஹான்சென். அவன் மகன் ஊல்சென் ஆவான். ஹான்ஸின் மகள் காரி என்றால் காரி ஹான்ஸ்தாத்தர், கல்யாணத்துக்குப் பிறகும் அதேதான். ஒரே ஊரில் ஐந்தாறு ஊலே ஹான்சென்கள் இருந்தால் என்ன செய்வது? குடியிருக்கும் பண்ணையின் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்: ஊலே ஹான்சென் ஹௌகன். அவரே பாக்கன் என்ற பண்ணைக்குக் குடிபோனால் ஊலே ஹான்சென் பாக்கன். பண்ணைப் பெயர் ரத்த உறவைக் காட்டவில்லை, விலாசத்தைத்தான் காட்டியது. அண்ணன் தம்பிகள் வேறு வேறு பண்ணைகளில் இருந்தால் பெயரும் வேறு வேறு. நிலமில்லாமல் பண்ணையை அண்டி வாழ்ந்த குடியானவருக்கும் அதே பண்ணைப் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய தேவாலயப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

1923ஆம் ஆண்டுச் சட்டம் இதை நிறுத்தியது. இனிமேல் தலைமுறை மாறினாலும் மாறாத ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்றது. தகப்பன் பெயர்வழி வந்ததைச் சிலர் அப்படியே உறையவைத்துக்கொண்டார்கள். ஹான்சென், யோஹான்சென், ஊல்சென் இன்றும் மிகப் பரவலான பெயர்களாக இருப்பது அதனால்தான். மற்றவர்கள் பண்ணைப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். பெர்க், டால், பாக்கன் எல்லாம் அந்த வகை. பக்கத்து டென்மார்க்கில் இந்த மாற்றம் முன்பே, 1828 ஆணையோடு தொடங்கிவிட்டது.

சரி, இன்று ஒருவர் எந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளலாமா? இங்கேதான் 200 என்ற எண் வருகிறது. நோர்வேயில் 200 பேருக்கு மேல் வைத்திருக்கும் குடும்பப் பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஹான்சென் ஆக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 200 பேரோ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்தால் அது பாதுகாக்கப்பட்ட பெயர். அதை வைத்திருக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், நடைமுறையில் அது நடக்கிற காரியமில்லை. டென்மார்க்கிலும் சுவீடனிலும் இந்த வரம்பு 2,000. நோர்வேயின் வரம்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. அபூர்வமான பெயருக்கு மட்டும் காவல் போட்டுவிட்டு மற்றதைத் திறந்து விட்டிருக்கிறார்கள்.

சொந்தக் குடும்பத்துக்குள் இந்தக் காவல் இல்லை. பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுக்கும் முந்திய தலைமுறை வைத்திருந்த குடும்பப் பெயர், எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும், கேட்டால் கிடைக்கும். கணவன் அல்லது மனைவியின் பெயரையும் எடுக்கலாம். இரண்டு குடும்பப் பெயர்களை இடையில் கோடு போட்டு இணைக்கலாம். பழைய முறையும் திரும்பி வந்திருக்கிறது: தாய் அல்லது தந்தையின் முதற்பெயரோடு -சென், -தாத்தர் சேர்த்துக் குடும்பப் பெயராக்கலாம். முதற்பெயரில் தடை குறைவு. பிள்ளைக்குப் பெரிய பாதகமாக அமையக்கூடிய பெயரை மட்டும் ஏற்க மாட்டார்கள். வெறும் குடும்பப் பெயராகவே வழங்குவதையும் பொதுவாக முதற்பெயராக வைக்க முடியாது.

பெயரைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், கல்யாணம் போன்ற சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையின் பெயரை மாற்ற அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

அங்கே வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நம் வழக்கத்தில் அப்பா பெயர்தான் பக்கத்தில் நிற்கும், குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. பதிவேட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறிவிடுகிறது. மனைவி கணவனின் குடும்பப் பெயரை எடுத்தால் அவர் பெயரோடு சேர்வது மாமனார் பெயர். பிள்ளைக்கும் அதையே கொடுத்தால் தாத்தா பெயர் நிலைத்துவிடும், அப்பா பெயர் காணாமல் போகும். முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்காத பண்பாட்டினருக்குச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. ஆகவே பிள்ளைக்கு அப்பாவின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகக் கேட்கலாம். அப்படிச் செய்தால் ஒரே வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் குடும்பப் பெயர் வேறாக இருக்கும். விமான நிலையத்திலோ பள்ளியிலோ யாராவது கேட்கக்கூடும். எது வேண்டும் என்பதை அந்த ஆறு மாதத்துக்குள் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.