தலையில் ஏறும் படகு

ஜூலை மாதத்தில் கனடாவின் டெமகாமி காட்டுக்குள் நடந்தால், எதிரே ஒரு படகு நடந்து வரக்கூடும். பதினேழு அடி நீளம், பச்சைப் பெயின்ட், கவிழ்ந்த நிலை. பைன் மரங்களுக்கு நடுவே லேசாக ஆடிக்கொண்டு வரும். அடியில் சேறு அப்பிய இரண்டு கால்கள் மட்டும் தெரியும். கால்களுக்குச் சொந்தக்காரிக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கலாம். எடை ஐம்பது கிலோ சொச்சம். அவள் தூக்கி வரும் படகோ ஏறத்தாழ 35 கிலோ.

டெமகாமி இருக்கும் ஆன்டாரியோ மாகாணத்திலும், அதற்குத் தெற்கே அமெரிக்காவின் மினசோட்டாவிலும் இப்படிப் பெண்பிள்ளைகளை கனூ என்னும் துடுப்புப் படகில் காட்டுக்கு அனுப்பும் கோடை முகாம்கள் நூறாண்டுக்கும் குறையாமல் இருக்கின்றன. ஆன்டாரியோவின் அல்கான்குவின் பூங்காவில் உள்ள கனூ ஏரியில் பெண்களுக்கான வாபொமியோ முகாம் 1924இல் தொடங்கியது. சின்னப் பிள்ளைகளுக்குச் சில நாள் பயணம். மூத்தவர்களுக்கு ஆறேழு வாரம், சில குழுக்களுக்கு வடக்கே ஹட்சன் விரிகுடா வரை. இவற்றில் சில முகாம்கள் பழைய முறையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்டிக் படகு கிடையாது, மரச்சட்டத்தில் கேன்வாஸ் துணி போர்த்திய கனூதான். பட்டையும் பக்கிளும் வைத்த நவீனப் பை கிடையாது, மரப்பெட்டியும் ஒரு தோல்வாரும்தான்.

கெவ்லர் என்னும் லேசான செயற்கை இழையில் செய்த படகு 20 கிலோவுக்கே கிடைக்கும்போது இது வீம்பு இல்லையா? கொஞ்சம் வீம்புதான். ஆனால் அந்தத் தோல்வாரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம்.

முதலில் நிலம். இது பல நூறு கோடி ஆண்டு வயதான பாறை. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கிய பனிப்பாறைகள் அதைச் சுரண்டிப் பள்ளம் பள்ளமாக்கிவிட்டுப் போயின. பள்ளமெல்லாம் ஏரி. ஓர் ஏரிக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் மேட்டுநிலம். துடுப்புப் போட்டு ஏரியைக் கடப்பது, படகையும் மூட்டைகளையும் சுமந்து மேட்டைக் கடப்பது, மறுபடி ஏரி. இந்தச் சுமைவழிக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். மினசோட்டா பக்கம் அதன் நீளத்தை ‘ராட்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ராட் என்பது பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஒரு கனூவின் நீளம். டெமகாமியில் இந்தப் பாதைகளை வகுத்தவர்கள் அங்குள்ள பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள். அவர்கள் வைத்த பெயர் நஸ்தவ்கன். முகாம்காரர்கள் சொந்தமாகக் கண்டுபிடித்தது ரொம்பக் குறைவு. பாதை, படகின் வடிவம், தலைவார் மூன்றுமே கைமாறி வந்தவை.

தலைவாருக்கு அங்கே டம்ப்லைன் என்று பெயர். நடுவில் இரண்டு மூன்று அங்குல அகலத் தோல்பட்டை, இரு பக்கமும் நீண்ட வால். வாலைப் பெட்டியில் கட்டி, பட்டையைத் தலையில் மாட்டி, பெட்டியை முதுகில் தொங்கவிட்டு நடப்பது. நமக்கு இது புதிதல்ல. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் கூடையைச் சுமப்பதும் தலையில் மாட்டிய கயிற்றில்தான். நேபாளத்துச் சுமைதூக்கிகளும், கென்யாவின் கிகூயூ பெண்களும் அப்படியே.

இதில் என்ன லாபம்? தோள்பட்டை வைத்த பையில் எடை தோளில் உட்காருகிறது. தோள் எலும்பு உடலோடு நேரடியாக இணைவது காறை எலும்பு வழியாக மட்டும். மற்றபடி அதைத் தாங்கிப் பிடிப்பது தசை. பை தோளைப் பின்னுக்கு இழுக்க, தசை முன்னுக்கு இழுக்க, நாள் முழுக்க ஒரு கயிறிழுப்புப் போட்டி நடக்கும். தலைவாரில் பாரம் மண்டை ஓட்டிலிருந்து கழுத்தின் ஏழு முள்ளெலும்புகள் வழியாக முதுகெலும்புக்குள் நேராக இறங்குகிறது. தூணின் உச்சியில் வைத்த எடைபோல. எலும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், அதற்குத் தசைபோலக் களைப்புக் கிடையாது.

தூண் நேராக இருந்தால்தான் இதெல்லாம். பட்டை நெற்றிக்கு இறங்கினால் தலை பின்னால் இழுபட்டுக் கழுத்து வளையும். முடி தொடங்கும் கோட்டுக்குச் சற்று மேலே, உச்சிக்கு முன்பக்கம் அது உட்கார வேண்டும். உடல் சற்று முன்சாய்ந்து, பார்வை தரையில். ஒரு அங்குலம் தவறினாலும் கழுத்து சொல்லிவிடும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுக்கக் கழுத்துவலி. இதற்குக் குறுக்குவழி எதுவும் கிடையாது.

விஞ்ஞானிகள் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கென்யாவின் கிகூயூ, லுவோ இனப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையால் சுமக்கும்போது கூடுதல் ஆக்சிஜன் செலவே ஆகவில்லை என்று 1986இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நேபாளத்துச் சுமைதூக்கிகள் பற்றிய 2005ஆம் ஆண்டு ஆய்வில், ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 சதவீதமும் பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள். ஆனால் இவர்கள் வாழ்நாளெல்லாம் சுமப்பவர்கள். பிற்கால ஆய்வுகளில் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு தெரிந்தது. ஆகவே ஆறு வாரத்தில் ஒரு பள்ளி மாணவிக்கு அந்த இலவசச் சலுகை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்குக் கிடைப்பது வேறு: தோளுக்கு ஓய்வு. இன்னொன்று, கால் வழுக்கினால் தலையை ஒரு வெட்டு வெட்டினால் போதும், பெட்டி பின்னால் விழுந்துவிடும். பக்கிள் போட்ட பையோடு விழுபவர் பையோடுதான் விழ வேண்டும்.

கனூவுக்கும் இதே தந்திரம். வாரைப் படகின் நடுக்குறுக்குச் சட்டத்தில் கட்டி, இரண்டு துடுப்புகளை நீளவாக்கில் பிணைத்தால் துடுப்பின் தட்டைப் பகுதி தோளில் உட்காரும். பாரத்தைக் கொஞ்ச நேரம் தலைக்கும் கொஞ்ச நேரம் தோளுக்கும் மாற்றிக்கொண்டே போகலாம். சரி, 35 கிலோவைத் தலைக்கு ஏற்றுவது எப்படி? முழுவதையும் யாரும் தூக்குவதில்லை. கவிழ்த்த படகின் ஒரு முனை தரையிலேயே இருக்க, மறுமுனையை மட்டும் உயர்த்தினால் கைக்கு வருவது பாதி எடை. அந்தச் சாய்வுக்கு அடியில் நுழைந்து நடுவுக்கு நடந்து வந்தால் தரையிலிருந்த முனை தானே மேலெழும். தராசின் நடுமுள் அவள்.

தண்ணீரில் வேறு கணக்கு. பலசாலிப் பையன்களின் குழு பெண்களை வெகுதூரம் பின்தள்ளிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் நீரின் தடை, தோராயமாக, வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. அதை எதிர்த்துச் செலவிடும் திறன் மும்மடிப்படி. வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் எட்டு மடங்கு உழைக்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால் பெண்களுக்குச் சாதகம்: 30 சதவீதம் கூடுதல் திறன் உள்ளவருக்குக் கிடைக்கும் கூடுதல் வேகம் வெறும் 9 சதவீதம். தண்ணீர் பலசாலியிடம் கடுமையாக வரி வசூலிக்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகும் படகில் அந்த வித்தியாசம் அரை கிலோமீட்டர்கூட இல்லை. பையன்கள் ஒருமுறை அதிகமாகக் கரையேறி இளைப்பாறினால் அதுவும் போச்சு.

ஆகவே நாளைத் தீர்மானிப்பது துடுப்பு வீணாக்காமல் விழுகிறதா என்பது. பின்னால் இருப்பவர் வலப்பக்கம் துழாவினால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பின் தட்டைப் பகுதியை மணிக்கட்டால் திருப்பி வெளியே லேசாக ஒதுக்கினால் மூக்கு நேராகும். வடக்கத்திப் பாணியில் துடுப்பின் தண்டைப் படகின் விளிம்பில் சாய்த்து அதையே நெம்புகோலாக்கிக்கொள்வார்கள். இழுப்பு கையில் இல்லை, இடுப்பிலிருந்து திரும்பும் முதுகில். நீண்ட நேர உழைப்பில் பெண்ணுடல் ஆணுடலைவிடச் சற்று அதிக விகிதத்தில் கொழுப்பை எரிக்கிறது என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம். மாலையில் ஒரு பிள்ளை தின்று தீர்க்கும் கஞ்சியையும் பாலாடைக்கட்டியையும் பார்த்தால் அது நம்புவதற்குக் கடினம்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவியில் வளைத்த தேவதாரு விலாக்கள், அவற்றின்மேல் மெல்லிய பலகை, பித்தளை ஆணி, மேலே இழுத்துக் கட்டிய கேன்வாஸ், துணியின் கண்களை அடைக்கும் பூச்சு, பெயின்ட். பாறையில் இடித்தால் நெளிந்து கொடுக்கும். கிழிந்தால் துணியும் பசையும் வைத்துக் கரையிலேயே ஒட்டலாம், விலா உடைந்தால் கத்தியால் செதுக்கிய முட்டு வைக்கலாம். ஆனால் கூரிய கல்லில் உரசக் கூடாது. அதனால் பிள்ளைகள் படகைக் கரையில் மோதவிடுவதே இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, மிதக்கும் படகில் சுமையேற்றுவார்கள். ஆறு வாரமும் ஷூ ஈரம். கேன்வாஸும் மரமும் நீரைக் குடித்துப் படகின் எடையும் வாரா வாரம் கூடும்.

வீட்டில் எல்லோரும் கேட்கத் தயங்கும் ஒன்று: மாதவிலக்கு வந்தால் கரடி மோப்பம் பிடிக்குமா? 1967 ஆகஸ்ட்டில் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில் இரு இளம்பெண்களை கிரிஸ்லி கரடிகள் கொன்றபின் இந்தப் பேச்சு பரவியது. பெண்களைக் காட்டுக்குப் போகாதே என்று சொல்ல இதைவிட வசதியான காரணம் கிடைக்குமா? 1991இல் வெளியான மினசோட்டா ஆய்வில், மாதவிலக்கின்போது பயன்படுத்திய டாம்பான் என்னும் பஞ்சுகளைக் காட்டுக் கருங்கரடிகளின் முன்னாலேயே வைத்துப் பார்த்தார்கள். கரடிகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவே இல்லை. பனிக்கரடி வேறு ரகம். அதன் மூக்கு இந்த வாசனைக்கு எதிர்வினை காட்டியதை 1983இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பனி உருகிய கோடையில் அவை ஹட்சன் விரிகுடாக் கரையில்தான் திரியும். அங்கே போகும் குழு வாசனை வரும் எல்லாவற்றையும், சமைத்த பாத்திரம் உட்பட, ஒரே கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும்.

அந்தக் கரையில் கடைசியாக ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பனிப்பாறையின் எடை போனபின் அமிழ்ந்திருந்த நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கரை தட்டையானது, ஆதலால் ஒரு சென்டிமீட்டர் எழுந்தாலே கடல் நன்றாகப் பின்வாங்கும். கடல் வற்றும் நேரத்தில் சேறு கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கும். துடுப்புப் போடத் தண்ணீர் இல்லை, தலையில் ஏற்றிச் சுமக்கத் தரையும் இல்லை. படகின் இரு பக்கமும் நின்று, முழங்கால்வரை சேற்றில் புதைந்து இழுக்க வேண்டும், அல்லது கடல் ஏற்றம் வரும்வரை படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.