வெந்நீர் ஊற்றுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

1966-ல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள மஷ்ரூம் ஊற்றிலிருந்து கொஞ்சம் மாதிரி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அந்தத் தண்ணீரின் சூடு ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ். விரல் வைத்தால் வெந்துவிடும். அப்படிப்பட்ட சூட்டில் பாக்டீரியா சௌகரியமாகக் குடித்தனம் நடத்தும் என்று அன்று அநேகம் பேர் நினைக்கவில்லை. இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளங்கலை மாணவர் அந்த மாதிரியிலிருந்து ஓர் உயிரைத் தனியே பிரித்து வளர்த்தார். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு 1969-ல் கட்டுரை வெளியிட்டார்கள். நுண்ணுயிர் சேமிப்பகம் ஒன்றிலும் கொடுத்து வைத்தார்கள், யார் கேட்டாலும் கிடைக்கட்டும் என்று.

அப்புறம் 1983-ல் கேரி முல்லிஸ், டிஎன்ஏவைப் படியெடுக்கும் பிசிஆர் முறையைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவை 95 டிகிரிக்குப் பக்கமாகச் சூடாக்கி இரு இழைகளையும் பிரிக்க வேண்டும். படியெடுக்கிற நொதி அந்தச் சூட்டில் செத்துப்போகும். ஆகவே சுற்றுக்குச் சுற்று ஆள் நின்று புது நொதியை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வெந்நீரில் பிறந்த பாக்டீரியாவின் நொதிக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. அதைப் பயன்படுத்தும் முறை 1988-ல் வெளியானது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த பரிசோதனையின் அடித்தளம் இதுதான்.

பிராக்கின் ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. ஒரு தனியார் நிறுவனம் ஏன் தந்திருக்காது என்பதற்கு இந்தக் கதையின் ஆண்டுகளே பதில். மாதிரி எடுத்தது 1966, பயன் தெரிந்தது 1988. நடுவே 22 ஆண்டுகள். ஒரு காப்புரிமையின் ஆயுள் பொதுவாக 20 ஆண்டுகள்தான். பயன் வந்து சேர்வதற்குள் உரிமையே காலாவதியாகியிருக்கும். பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962-ல் இதைத் தெளிவாக விளக்கினார்: அறிவு கசிந்து பரவும் சரக்கு, அதைக் கண்டுபிடித்தவர் அதன் முழுப் பலனையும் தன் பைக்குள் வைத்துக்கொள்ள முடியாது, ஆகவே சந்தையை மட்டும் நம்பினால் அடிப்படை ஆய்வுக்குத் தேவையான அளவு முதலீடு வராது. அந்த இடைவெளியை அரசுப் பணம் நிரப்புகிறது.

சரி, அந்தப் பணம் எப்படி நகர்கிறது? நிதி அமைப்பு விண்ணப்பங்களை அழைக்கும். ஆய்வாளர் ஒரு முன்மொழிவு எழுதுவார்: என்ன கேள்வி, எப்படித் தேடப் போகிறேன், எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு. அதே துறையைச் சேர்ந்த மற்ற ஆய்வாளர்கள் அதைப் படித்து மதிப்பெண் போடுவார்கள், பிறகு ஒரு குழு கூடி வரிசைப்படுத்தும். பணம் எங்கே தீர்கிறதோ அங்கே கோடு கிழிப்பார்கள். மொத்தத் தொகையை அரசியல்வாதிகள் முடிவு செய்யலாம், எந்த ஆய்வுக்கு என்பதை ஆய்வாளர்களே முடிவு செய்யட்டும் என்ற இந்த ஏற்பாட்டை பிரிட்டனில் ஹால்டேன் கோட்பாடு என்பார்கள்.

கோட்டுக்கு மேலே, கீழே என்பது எவ்வளவு துல்லியம்? 1981-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. அதே தேசிய அறிவியல் அறக்கட்டளை மதிப்பிட்டு முடித்திருந்த 150 முன்மொழிவுகளை வேறு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு விண்ணப்பத்தின் தலைவிதியில் ஏறக்குறைய பாதி அதன் தரத்தாலும், மீதிப் பாதி அது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்ற அதிர்ஷ்டத்தாலும் தீர்மானமாகிறது என்று தெரிந்தது. மோசமானவற்றை ஒதுக்குவதில் மதிப்பீடு நன்றாகவே வேலை செய்கிறது. நல்லவற்றுக்குள் மிக நல்லதைப் பொறுக்குவதில்தான் தடுமாறுகிறது. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013-ல் ஒரு வகை மானியத்துக்கு, தகுதி பெற்ற விண்ணப்பங்களுக்குள் குலுக்கல் நடத்தத் தொடங்கியது. முதலில் கேட்க விசித்திரமாக இருந்தாலும், நேர்மையான ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது.

கிடைத்த பணத்தில் பெரும்பங்கு கருவிகளுக்குப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். பல துறைகளில் பெரும்பங்கு போவது ஆட்களுக்கு: முனைவர் பட்ட மாணவரின் உதவித்தொகை, தொழில்நுட்ப உதவியாளரின் சம்பளம். பல்கலைக்கழகத்துக்குத் தரும் ஆய்வு நிதி ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. கேள்விக்கு விடை தேடுகிறது, தேடத் தெரிந்த ஆளையும் உருவாக்குகிறது. ஹட்சன் ஃப்ரீஸ் பிற்காலத்தில் மருத்துவ உயிர்வேதியியலில் பெயர் பெற்ற ஆய்வாளர் ஆனார்.

இது தவிர மேற்செலவு என்று ஒன்று உண்டு. மைனஸ் 80 டிகிரியில் இரவும் பகலும் ஓடும் ஃப்ரீசருக்கான மின்சாரம், அபாயக் கழிவை அகற்றும் செலவு, நூலகம், கணக்கு எழுதுபவர். இவற்றை எந்தத் தனி ஆய்வின் கணக்கிலும் எழுத முடியாது, இவை இல்லாமல் எந்த ஆய்வும் நடக்காது. அமெரிக்காவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அரசுடன் பேசி இதற்கு ஒரு விகிதம் வைத்துக்கொள்கிறது. சில இடங்களில் அது ஆய்வின் நேரடிச் செலவில் 50 சதவீதத்தையும் தாண்டும். 2025 பிப்ரவரியில், மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அந்நாட்டு அரசு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்கள் இதற்கு 15 சதவீத உச்சவரம்பை அறிவித்தன, நீதிமன்றம் தடுத்தது. மேற்செலவை வீண்செலவு என்று பேசுவது எளிது. ஃப்ரீசரின் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தால் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது தொகையின் அளவைவிட அதன் ஒழுங்கு. ஒரு மானியம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஓடும். ஆகவே இந்த ஆண்டு நிதியில் பெரும்பகுதி, முந்தைய ஆண்டுகளில் கொடுத்த வாக்குக்கே போய்விடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 100. அதில் 80 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வுகளுக்கு. புதியவற்றுக்கு 20. அரசு 5 சதவீதம் மட்டும் வெட்டினால், அந்த 20 இப்போது 15. மேலே 5 சதவீத வெட்டு, கீழே புதியவர்களுக்குக் கால் பங்கு காலி.

திடீர் ஏற்றமும் இதே தொல்லையைத் தரும். 1998-க்கும் 2003-க்கும் இடையில் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதி இரட்டிப்பானது. பல்கலைக்கழகங்கள் உற்சாகமாகக் கட்டடம் எழுப்பின, ஆள் எடுத்தன, மாணவர்களைச் சேர்த்தன. பிறகு நிதி அப்படியே நின்றது. விண்ணப்பங்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. மூன்றில் ஒன்றுக்குக் கிடைத்துவந்த மானியம், சில ஆண்டுகளில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் கிடைத்தது. இரட்டிப்பான நிதியை நம்பிப் படிக்க வந்தவர்கள் பட்டம் வாங்கி வெளியே வந்தபோது வரிசை நீண்டிருந்தது.

பணம் நின்றால் கருவி காத்திருக்கும், உயிர் காத்திருக்காது. ஒரு மரபணு மாற்றத்தோடு எலிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி ஒரு கூட்டம் உருவாக்கப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். தீனிக்கும் கூண்டுக்கும் ஆளுக்கும் ஆறு மாதம் பணம் வராவிட்டால் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடுவார்கள். அதைப் பராமரித்துவந்த மாணவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அடுத்த ஆண்டு நிதி முழுதாகத் திரும்பி வந்தாலும், எந்தக் கூண்டில் என்ன பிறந்தது, எந்தச் சோதனை ஏன் தோற்றது என்பதெல்லாம் அவர் தலையோடு போய்விட்டிருக்கும்.