சமூக வலைத்தளமா, சமூக ஊடகமா?

பள்ளி ஒன்றில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு, 'சமூக வலைத்தளங்களின் நன்மைகளும் தீமைகளும்'. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவை. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ஒரே தொடக்கம்: சிலந்தி வலை பின்னுகிறது, பூச்சி சிக்குகிறது, அல்லது மீனவர் வலை வீசுகிறார், மீன் மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு எல்லாத் தீமைகளும் வலைக்குள்ளேயே நடக்கின்றன. பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். 'வலை' என்ற சொல்லை நாம்தான் அவர்கள் கையில் கொடுத்தோம். அவர்கள் அந்த வலையைப் பற்றி எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: 'எங்கள் வீட்டில் எல்லோரும் வாட்ஸ்அப் மட்டும்தான் பார்க்கிறோம். அது வலைத்தளமா ஐயா?'

இல்லை, மகளே. இந்தக் கேள்வியைச் செய்தி எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்காததால்தான் காலையில் செய்தித்தாளைப் பிரித்தாலும் இரவில் தொலைக்காட்சியைப் போட்டாலும் 'சமூக வலைதளங்களில் வைரலாகி வருகிறது' என்ற தொடர் நம்மை விடாமல் துரத்துகிறது. அதிலும் ஒற்றெழுத்தை விழுங்கிவிட்டு 'வலைதளம்' என்கிறார்கள். வலை, தளம் இரண்டும் சேர்ந்தால் வலைத்தளம்; இணையம், தளம் இரண்டும் சேர்ந்தால் இணையத்தளம். ஆனால் ஒற்றைச் சேர்த்துவிட்டால் மட்டும் சொல் சரியாகிவிடாது. பிழை அதைவிட ஆழத்தில் இருக்கிறது.

முதலில் சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'சமூகம்' வடமொழியின் சமூஹம். கூட்டம், தொகுதி என்று பொருள். பழைய கடிதங்களில் 'அவர்கள் சமுகத்திற்கு' என்று எழுதுவார்களே, அது வேறு. அது சம்முகம் என்பதிலிருந்து வந்து முன்னிலை என்று பொருள்படுவது. இலங்கைத் தமிழர் இன்றும் கூட்டத்திற்கு வருவதைச் சமுகமளித்தல் என்று சொல்வது அந்த வழியில்தான். தனித்தமிழ் அன்பர்கள் சமூகத்தை நீக்கிக் குமுகம், குமுகாயம் என்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இந்தக் கட்டுரையின் சிக்கல் 'சமூக வலைத்தளம்' என்ற தொடரின் முன்பாதியில் இல்லை, பின்பாதியில் இருக்கிறது.

'ஊடகம்' நம்முடைய சொல். ஊடு என்றால் நடு, இடை, உள்ளே. ஊடாக, ஊடே, ஊடுருவு, ஊடுபயிர் எல்லாம் அந்த வேரில் பிறந்தவை. தறியில் நீளவாக்கில் கட்டிய நூல் பாவு. நூலைச் சுமக்கும் தறிக்கருவியான நாடாவில் ஏறிக் குறுக்கே ஓடிப் பாவை இணைக்கும் நூல் ஊடை. 'ஊடும் பாவும்' என்று நாம் சொல்வது அதனால்தான். ஊடை ஓடாமல் துணி இல்லை. அது ஓடுகிற ஒழுங்கில்தான் கரையும் கட்டமும் விழுகின்றன. ஆங்கிலத்தார் எடுத்துக்கொண்ட மீடியம் என்ற லத்தீன் சொல்லுக்கும் நடு என்பதே பொருள். ஒரு மொழிபெயர்ப்பு இவ்வளவு பொருந்தி வருவது அரிது.

இந்தச் சொல்லைச் செய்தித்தாள்கள் பிடித்துக்கொள்வதற்கு முன்பே அறிவியல் பாடநூல்கள் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. 'ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குச் சாய்வாகச் செல்லும்போது விலகல் அடைகிறது.' மனப்பாடம் செய்தோமே தவிர அந்த வரியின் ஆழம் அப்போது தெரியவில்லை. கண்ணாடித் தம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி ஒரு பென்சிலைச் சாய்வாகப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தில் பென்சில் முறிந்து நிற்கும். வெளியே எடுத்தால் நேராக இருக்கும். பென்சில் மேல் குற்றம் இல்லை, கண் மேலும் இல்லை. நடுவில் இருக்கும் பொருள் ஒளியை வளைத்து அனுப்புகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5. எந்த ஊடகம் எவ்வளவு வளைக்கும் என்று அளந்தே வைத்திருக்கிறார்கள். ஊடகம் என்ற சொல்லுக்குள், ஊடே போவது போனபடியே வெளிவராது என்ற எச்சரிக்கை இருக்கிறது.

இப்போது 'தளம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். வீடு கட்டுகிறவர்கள் தளம் போடுகிறார்கள். மூன்று தளக் கட்டடம் என்கிறோம், கடற்படைத் தளம் என்கிறோம். எல்லா இடத்திலும் ஒரே பொருள்தான்: மேலே நிற்பதைத் தாங்கும் அசையாத பரப்பு. யார் நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பது தளத்தின் வேலை இல்லை. நல்லவர் நின்றாலும் திருடன் நின்றாலும் சிமெண்டுத் தளம் ஒன்றுபோலத் தாங்கும்.

ஒரு காலத்தில் இந்தச் சொல் பொருந்தியது, மறுக்கமாட்டேன். 2004-இல் ஆர்குட்டும் பேஸ்புக்கும் தொடங்கியபோது அவை உண்மையாகவே வலைத்தளங்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து, முகவரியைத் தட்டி, நண்பர் ஒவ்வொருவரின் பக்கத்துக்கும் நாமே போய்ப் பார்ப்போம். அப்போது ஆங்கிலத்திலும் அவற்றுக்குச் சமூக வலையமைப்புத் தளம் என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. அதைத் தமிழாக்கியவர் சமூகவலையின் தளம் என்று எண்ணியிருக்கலாம். படிப்பவர் அதைச் சமூகத்தின் வலைத்தளம் என்று பிரித்துக்கொண்டார். எங்கே வெட்டுவது என்று தெரியாத தொகைச்சொல் தொடக்கத்திலேயே பாதி தோற்றுவிடுகிறது.

2006 செப்டம்பரில் பேஸ்புக் செய்தியோடை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து நாம் யார் பக்கத்துக்கும் போக வேண்டியதில்லை. நிறுவனமே பொறுக்கி, வரிசைப்படுத்தி, நம் முன்னே வைக்கும். 2009-இல் விருப்பக் குறி வந்தது. எதைப் பார்த்து நாம் நின்றோம், எதற்குக் கோபப்பட்டோம் என்று கணக்கெடுத்து, அடுத்து எதைக் காட்டுவது என்று நிறுவனம் முடிவு செய்யத் தொடங்கியது. அக்காவுக்குக் குழந்தை பிறந்த செய்தி மூன்றாம் நாள் கண்ணில் படுகிறது. எங்கோ இரண்டு பேர் அடித்துக்கொண்ட காணொளி மூன்றாம் நிமிடத்தில் வந்து நிற்கிறது. எந்தத் தளம் இப்படிப் பொறுக்கும்? இது பாவின் ஊடே ஓடிக் கட்டம் போடும் ஊடையின் வேலை, தண்ணீர் செய்கிற வேலை.

தளம் என்ற சொல் யாருக்கு வசதி என்பதையும் பார்க்க வேண்டும். 'நாங்கள் வெறும் தளம், எங்கள் மேல் நின்று பேசுகிறவர்களே பேச்சுக்குப் பொறுப்பு' என்பதுதான் இந்த நிறுவனங்கள் உலகமெங்கும் சொல்லிவரும் வாதம். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு, பிறர் எழுதியதற்கு அவர்களை வெளியீட்டாளராகக் கருதக்கூடாது என்கிறது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 79-ஆவது பிரிவு சில நிபந்தனைகளோடு அதே பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் நம் சட்டம் அவர்களுக்கு வைத்த பெயர் என்ன? இடையில் நிற்பவர். 2021-இல் வந்த விதிகளும், 50 லட்சத்துக்கு மேல் பதிவு செய்த பயனர்களைக் கொண்டவர்களைக் குறிப்பிடத்தக்க சமூக ஊடக இடையீட்டாளர் என்றே தனியாகப் பிரித்தன. சட்டத்தின் ஆங்கிலம் கூட 'இடை' என்று சொல்லும்போது, 'ஊடு' என்ற அருமையான வேரை வைத்திருக்கும் நாம் அந்த நிறுவனங்களுக்குச் சாதகமான சொல்லைத் தேடி எடுத்துப் புழங்குகிறோம். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளும் படங்களும் பரவின. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பத்தைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் மறித்து அடித்தார்கள். ஒரு மூதாட்டி இறந்துபோனார். குழந்தைகளுக்கு அவர்கள் மிட்டாய் கொடுத்ததே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. அந்த நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய காணொளி ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். மூலத்தில் அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். பென்சில் முறிந்து தெரிந்தது.

'சமூக வலைதளங்களில் பரவிய வதந்தியால் விபரீதம்' என்றுதான் அன்று நான் படித்தேன். எந்த வலைத்தளம்? போய்ப் பார்க்க ஒரு முகவரி உண்டா? இல்லை. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு, அத்தையிடமிருந்து மருமகளுக்கு, பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து நமக்கு வந்தது அது. நடுவில் இருந்து அதைக் கைமாற்றியவர்களில் நாமும் ஒருவர். வலைத்தளம் என்று எழுதியதும் குற்றம் எங்கோ ஓர் இடத்துக்குப் போய்விடுகிறது. அனுப்பிய விரலை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என்று இறுக்கியது. நோய் செய்தியைக் கைமாற்றுவதில்தான் இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

நன்மைக்கும் இதே கணக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் படகு வேண்டும், எந்த மாடியில் கைக்குழந்தை இருக்கிறது, எங்கே சோறு சமைக்கிறார்கள் என்பதெல்லாம் ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடின. முகம் தெரியாதவர்கள் நடுவில் நின்று செய்தியைச் சரிபார்த்து, பழையதை நீக்கி, புதியதைச் சேர்த்துக் கைமாற்றினார்கள். ஊடே நிற்பவர் பொறுப்பானவராக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. 2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்களை அழைத்து வந்ததும் இப்படிக் கைமாறிய செய்திகள்தான்.

'ஊடகம் என்றால் பத்திரிகையும் தொலைக்காட்சியும் அல்லவா, அந்த மதிப்பை வதந்தி பரப்புகிறவர்களுக்குத் தரலாமா?' என்று ஒரு பத்திரிகை நண்பர் கேட்டார். ஊடகம் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. தண்ணீரும் ஊடகம், கலங்கிய தண்ணீரும் ஊடகம். பத்திரிகையைக் குறிக்க வேண்டும் என்றால் செய்தி ஊடகம் என்று சொல்ல நமக்கு வழி இருக்கிறது. வழக்கில் வேரூன்றிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றும் சொல்கிறார்கள். கணிப்பொறி என்று எழுதிக்கொண்டிருந்தோம், இன்று கணினி என்று எழுதுகிறோம். யாரும் தடுமாறவில்லை.

எல்லாவற்றுக்கும் வலையை ஒட்டவைப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வலைப்பூ, வலைப்பதிவு, வலையொளி, வலையொலி என்று அடுக்குகிறார்கள். இன்னொரு பக்கம் நிறுவனங்களின் பெயரையே தமிழாக்கும் ஆர்வம்: வாட்ஸ்அப் புலனமாம், இன்ஸ்டாகிராம் படவரியாம். முகநூல் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ட்விட்டருக்குக் கீச்சகம் என்று பாடுபட்டுப் பெயர் வைத்தார்கள்; 2023 ஜூலையில் அதன் முதலாளி எக்ஸ் என்று மாற்றினார், கீச்சொலிக்குப் பொருளே இல்லாமல் போனது. ஒருவர் தன் கடைக்கு வைத்த பெயரை நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்த உழைப்பைப் பொதுச் சொற்களில் காட்டியிருந்தால் தமிழுக்குப் பயன் இருந்திருக்கும்.

பிழையான சொல் செய்தியையே மாற்றிவிடும். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நிறுவனங்களுக்குக் கட்டளையிடும் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்கு. பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. 'சிறுவர்கள் சமூக வலைதளங்களைப் பார்க்கத் தடை' என்று அதை ஓரிடத்தில் தமிழில் படித்தேன். தளம் என்று எண்ணியதால் தளத்துக்குப் பூட்டு என்று எழுதிவிட்டார்கள். பொறுப்பு நடுவில் நிற்பவர் மேல் ஏறியது என்ற உண்மையான செய்தி அதில் காணாமல் போனது.

பென்சிலால் கேள்வி எழுதிய அந்த மாணவியின் கட்டுரையில் வலையும் இல்லை, சிலந்தியும் இல்லை. தாத்தாவின் அறுவை சிகிச்சைக்கு இரத்தம் கேட்டு அப்பா அனுப்பிய செய்தி எந்தெந்தக் குழுக்கள் வழியாகப் போய், யாரால் எண் சரிபார்க்கப்பட்டு, எந்த ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்தது என்று வரிசையாக எழுதியிருந்தாள். இரத்தம் கிடைத்த பிறகும் இரண்டு வாரம் அந்தச் செய்தி சுற்றிக்கொண்டே இருந்ததையும், அப்பா நள்ளிரவில் தொலைபேசியை எடுத்து எடுத்து 'வேண்டாம், கிடைத்துவிட்டது' என்று சொல்லி ஓய்ந்ததையும் எழுதியிருந்தாள். முதல் பரிசு அவளுக்குத்தான் கொடுத்தேன். பரிசளிப்பின்போது மேடையில் தொங்கிய பேனரில் 'வலைதளம்' என்றே இருந்தது. தலைமையாசிரியையிடம் சொன்னேன். அடுத்த ஆண்டு மாற்றிவிடுகிறோம் என்றார். இப்போதே மாற்றலாம் அம்மா என்று ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, 'ஊடகம்' என்று பெரிதாக எழுதி, அந்தப் பிள்ளையையே ஒட்டச் சொன்னேன்.