ஒரு பவுணில் ஒரு காப்பு

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் கண்டி அரசர்களின் சிம்மாசனம் இருக்கிறது. 1693இல் ஒல்லாந்தர் கொடுத்தது. 1815இல் பிரித்தானியர் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் முழுத் தங்கம் என்றுதான் நினைப்பார்கள். உள்ளே மரம், மேலேதான் பொற்தகடு.

ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டோம். ஒரு லீற்றர் போத்தல் அளவு தங்கம் 19 கிலோவுக்கு மேல் நிறுக்கும். முழுத் தங்கத்தில் ஆசனம் செய்தால் யார் தூக்குவது? விளக்கு வெளிச்சத்தில் சபையோர் கண்ணுக்கு எட்டுவது மேற்பரப்பு மட்டும்தான். அரச நகை செய்தவர்கள் அந்த மேற்பரப்பைத்தான் பெருக்கினார்கள்.

கொழும்பில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் விற்கும் அரக்குக் காப்பிலும், அதாவது உள்ளே அரக்கு நிரப்பிய காப்பிலும், இதே கணக்குத்தான். ஒரு பவுண், அதாவது 8 கிராம், 22 கரட் தங்கத்தின் கன அளவு 0.45 கன சென்ரிமீற்றர். மூன்றரை மில்லிமீற்றர் தடிப்பில், உள்ளேயும் தங்கமாகவே உருட்டுக் காப்பு செய்ய நான்கு பவுணுக்கு மேல் வேண்டும். அதே ஒரு பவுணை 0.2 மி.மீ. தகடாக அடித்தால் 22 சதுர சென்ரிமீற்றர் வரும். அதை 11 மி.மீ. அகலப் பட்டியாக வெட்டிக் குழலாகச் சுருட்டினால், அதே மூன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு முழுக் காப்பு!

அடிக்க அடிக்கத் தகடு இறுகும். இடையிடையே செந்தணலாகக் காய்ச்சாவிட்டால் ஓரம் வெடிக்கும். பொருத்தைப் பொடி (உருகி ஒட்டும் உலோகம்) வைத்து நெருப்பு ஊதி ஒட்டும்போது சிறு துளை விட வேண்டும். அடைத்துவிட்டால் உள்ளே சூடேறும் காற்று பொருத்தைப் பிளந்துவிடும். ஊதி முடிந்த பிறகே உருகிய அரக்கை உள்ளே விடுவார்கள். நசுங்காமல் காப்பது அதுதான். ஆனால் கொதிநீரில் போட்டால் அரக்கு இளகும். பிறகு உடைந்தால் நெருப்புக் காட்டி ஒட்டவும் முடியாது, முதலில் அரக்கை எடுத்தாக வேண்டும்.

உரைகல் மேல்தோலைத்தான் பார்க்கும். அரக்குக் காப்பை உரைத்தாலும் 22 கரட் என்றே காட்டும். தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள். அரக்கோடு பத்துக் கிராம் வரும் காப்பு நீருக்குள் 2 கிராமளவு குறையும். அதே நிறை உருட்டுத் தங்கம் அரைக் கிராம் சொச்சம்தான் குறையும். அடைவு வைக்கும் இடத்தில் அரக்கின் நிறையைக் கழிப்பது இதனால்தான்.

கல்லிலும் இதே வித்தைதான். பழைய வெட்டுகள் ஆழம் குறைந்தவை, ஒளி பின்பக்கமாக ஒழுகிவிடும். அதனால் அடைத்த கூட்டுக்குள் கல்லின் பின்னால் மெல்லிய தகடு வைத்து ஒளியைத் திருப்பினார்கள். தங்கத் தகடு கறுக்காது, வெள்ளித் தகடு கறுக்கும். அம்மம்மாவின் அட்டியலில் கல் செத்துப்போனது போலத் தெரிந்தால், பெரும்பாலும் ஈரம் இறங்கித் தகடுதான் கெட்டிருக்கும். அதை நீரில் அதிரவைத்துக் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது. கூட்டைத் திறந்து தகட்டை மாற்றத் தெரிந்த பத்தரிடம் கொடுங்கள்.