பாதாளக் கரண்டியில் கரண்டி எங்கே?

பாட்டி வீட்டுப் பரணில், ஒரு வளையத்தில் ஏழெட்டுக் கொக்கிகள் தொங்கும் இரும்புச் சாமான் கிடைத்ததாம். "பாதாளக் கரண்டி என்கிறார்கள், இதில் கரண்டி எங்கே?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பாதாளம் வடமொழிச் சொல். ஏழு கீழுலகங்களில் கடைசி. 'பணம் பாதாளம் மட்டும் பாயும்' என்கிறோமே, அதேதான். இங்கே கிணற்றின் அடி. கரண்டி என்றால் குழம்புக் கரண்டி மட்டுமல்ல, கொத்தனார் கலவை அள்ளுவதும் கரண்டிதான். கிணற்றடியிலிருந்து அள்ளித் தருவதும் கரண்டியானதில் எனக்கு வியப்பில்லை.

கயிறு அறுந்து வாளி உள்ளே போய்விட்டால் இதைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். அடியில் எதுவும் தெரியாது. அதனால்தான் எல்லாத் திசையிலும் கொக்கி. எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒன்று மாட்டும். தூக்கும்போது சுமை கொக்கியின் வளைவில் வழுக்கி, கயிற்றுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துவிடும்.

சரி, எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 2 கிலோ இரும்பு வாளி, உள்ளே 10 லிட்டர் தண்ணீர். தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்தத் தண்ணீரின் எடை கைக்குத் தெரியாது. இரும்பும் மிதப்பு விசையால் ஒன்றே முக்கால் கிலோவாகத்தான் தெரியும். வாளி சுலபமாக மேலே வரும். விளிம்பு நீர்மட்டத்தைத் தாண்டத் தாண்ட, ஓரிரு சாண் தூரத்துக்குள் கை 12 கிலோவைத் தாங்க வேண்டும். வாளி நழுவுவது இங்கேதான்.

என் அத்தை சரியாக அங்கே "நிறுத்து, நிறுத்து" என்பார். எட்டிப் பார்ப்பார். கொக்கி கைப்பிடியில் மாட்டியிருந்தால் இழுக்கச் சொல்வார். விளிம்பில் என்றால் கயிற்றைத் தளர்த்தி மறுபடி துழாவ வைப்பார்.

எங்கள் தெருவில் இதை இரவல் வாங்க ஒரு செம்பை ஈடு வைக்க வேண்டும், வைக்காவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ஆகாதது ஒன்றுமில்லை. தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது, அது திரும்பி வர வேண்டுமே!

அட்லாண்டிக் கடலிலும் இந்தத் துழாவல் நடந்திருக்கிறது. 1865-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் பதித்துக்கொண்டு போன தந்திக் கேபிள் அறுந்து, இரண்டு மைலுக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடந்தது. மறு வருடம் அதே கப்பல் பல கொக்கி இரும்பை இறக்கித் தேடியது. ஆகஸ்டில் கேபிள் நீர்மட்டத்துக்கு மேலே வந்து, எல்லோர் கண்ணிலும் பட்டு, சில நிமிடங்களில் நழுவிக் கடலுக்குள் போனது. செப்டம்பரில்தான் கைக்குக் கிடைத்தது.