காரைத் தாழ்த்தினால் ஒரு மூலை மட்டும் ஏன் தூக்கி நிற்கிறது?

காரை 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங், பழைய ஸ்பிரிங்கைவிட 30 மி.மீ. குட்டையாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் புதியது அதைவிட ரொம்பவே குட்டையாக இருக்கும். தப்பான பார்சல் வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், கணக்கு சரிதான்.

ஒரு மூலையின் ஸ்பிரிங் 300 கிலோ சுமக்கிறது என்று வையுங்கள். பழைய ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க 25 நியூட்டன் விசை வேண்டும் என்றால், இந்தச் சுமையில் அது சுமார் 118 மி.மீ. அமுங்கும். புதியது கொஞ்சம் முரடு, மி.மீ.க்கு 35 நியூட்டன். அதே சுமையில் அது 84 மி.மீ. மட்டுமே அமுங்கும். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் கார் இறங்காது, 34 மி.மீ. ஏறிவிடும். அதையும் ஈடுகட்டி 30 மி.மீ. இறக்க வேண்டுமானால், புதிய ஸ்பிரிங் 64 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும்.

முரடாக இருந்தே ஆக வேண்டுமா? ஆம். கார் தாழ்ந்தால் சக்கரம் மேலே போவதற்கான இடமும் அவ்வளவு குறைகிறது. மெத்தென்ற ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு இறக்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில், அதாவது சக்கரம் அளவுக்கு மீறி மேலே போகாமல் தடுக்கும் ரப்பர் கட்டையில், போய் முட்டும். பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுப்பவர்களும் உண்டு. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் முரடாகும் என்பது உண்மை. ஆனால் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் (அதன் ‘இருக்கை’) பொருந்தி உட்காரும் முனை போய்விடுகிறது, காரை ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் தொளதொளவென்று கழன்று இடம் மாறலாம். நான் அந்தப் பக்கமே போகச் சொல்ல மாட்டேன்.

ஸ்பிரிங்கின் முரட்டுத்தனம் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மி.மீ. கம்பியை 13 ஆக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 38 சதவீதம் முரடாகிவிடும். 13 மி.மீ. கம்பியில் பத்தில் ஒரு மி.மீ. பிசகினால்கூட சுமார் 3 சதவீத வித்தியாசம். மேலே பார்த்த 84 மி.மீ. அமுக்கத்தில் அது கிட்டத்தட்ட 2.5 மி.மீ. உயர வேறுபாடு. ஆகவே இடது வலது இரண்டும் மி.மீ. பிசகாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் பேராசைதான். ஓட்டுநர், பேட்டரி, எரிபொருள் தொட்டி என்று எதுவும் நட்டநடுவில் இல்லை என்பதும் இருக்கிறது. இதற்காகவே சில கார்களுக்கு இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு ஸ்பிரிங் வரும். மாற்றிப் போட்டால் சாய்வு நிச்சயம்.

இப்படி இரண்டு மூன்று மி.மீ. போனால் போகட்டும். பத்து மி.மீ. சாய்ந்தால்? பெரும்பாலும் குற்றவாளி ரப்பர் புஷ்தான். சக்கரத்தைக் காரின் உடலோடு இணைத்து ஏறி இறங்கும் கீழ்க்கை லோயர் ஆர்ம்; அது உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். அதில் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கும். போல்ட்டை முறுக்கினால் உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ள வேண்டும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி, இன்னொரு ஸ்பிரிங் போல உடலை மேலே தள்ளும். ஒரு பக்கம் தொங்கவிட்டும் மறுபக்கம் தரையில் வைத்தும் இறுக்கியிருந்தால் சாய்வு வராமல் என்ன செய்யும்? ரப்பரும் சீக்கிரம் கிழியும். கைவைக்காத புஷ்களும் பழைய உயரத்துக்குத்தான் இறுக்கப்பட்டவை. எல்லா ஆர்ம் போல்ட்டையும் தளர்த்தி, கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது, குறித்த விசையில் மறுபடி இறுக்குவதே முறை. புது ஸ்பிரிங் ‘செட் ஆக’ நாளாகும் என்பார்கள். நல்ல ஸ்பிரிங்குகளைத் தொழிற்சாலையிலேயே முழுக்க அமுக்கி எடுத்துத்தான் அனுப்புவார்கள். பிறகு இறங்குவது கொஞ்சம்தான்.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்கக் கூடாது. டயர்கள் தரையைப் பிடித்துக்கொள்வதால் சக்கரங்கள் உள்வாங்கி, கார் உயரமாகவே நிற்கும். கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கி விட்டு, அப்புறம் அளங்கள்.

அளந்து பார்த்துத் தாழ்ந்த மூலையில் (முன் இடது என்று வையுங்கள்) ஸ்பிரிங்குக்கு அடியில் 8 மி.மீ. வளையம் வைத்தால் அங்கே 8 மி.மீ. ஏறுமா? ஏறாது. நான்கு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி, எடை நடுவில் என்று எளிமையாக எடுத்துக்கொண்டால், முன் இடது மூலை 6 மி.மீ. ஏறும். முன் வலதும் பின் இடதும் 2 மி.மீ. ஏறும். குறுக்கே இருக்கும் பின் வலது 2 மி.மீ. இறங்கும். ஆடும் ஸ்டூலின் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைக்கும் அதே கதை. முன் இடது, பின் வலது சக்கரங்களில் சுமை கூடும், மற்ற இரண்டில் குறையும். சுமை முன்பே சமமாக இருந்திருந்தால், கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் கார் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கக்கூடும். ஆகவே வளையம் கடைசி வழி. பின்சக்கரத்தில் இன்னும் கவனம் வேண்டும்: ஸ்பிரிங் சக்கரத்தைவிட உள்ளே தள்ளி, ஆர்ம் நீளத்தில் 0.7 பங்கில் இருந்தால், 5 மி.மீ. வளையம் சக்கரத்தில் சுமார் 7 மி.மீ. வேலை செய்யும்.

சந்தேகம் ஸ்பிரிங் மேல்தான் என்றால், இரண்டு பக்கமும் ஒரே ஸ்பிரிங் வரும் காரில் இடதை வலதுக்கு மாற்றிப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங்தான் காரணம். அதே மூலை அப்படியே தூக்கி நின்றால், ஸ்பிரிங் முனை அதன் இருக்கையின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஸ்பிரிங்கின் மேல் ரப்பர் மடங்கியிருக்கிறதா, ஸ்டெபிலைசர் லிங்க் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பியின் இணைப்பு) முறுக்கோடு மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.