குடத்தைக் கவிழ்த்தால் கேம் வேகமாக ஓடுமா?

காசிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பியின் கம்ப்யூட்டர் கேபினட்டில், முன்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. ஹார்டு டிஸ்க் வேலை செய்யும்போது மட்டும் மினுக்கும். அன்று சாயங்காலம் அவன் கார் ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். பெரிய நகரம், அகலமான சாலை, நேராகப் போகும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு முனையில் வண்டியைத் திருப்பியதும் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஓடத் தொடங்கியபோது கார் சுவரில் மோதிக் கிடந்தது.

"பாத்தீங்களா ண்ணா, இதான். எப்பப் பாரு ஸ்டக் ஆவுது" என்றான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த விளக்கை. படம் நின்ற நேரம் முழுக்க அது மினுக்காமல் ஒரேயடியாகச் சிவப்பாக எரிந்தது.

ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட சிஸ்டம் அது. நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் நான்கு பகுதி) கொண்ட பழைய ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அப்புறம் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. நம் பக்கத்துப் பையன்கள் பலர் காசு சேர்த்து வாங்குவது இந்த மாதிரி சிஸ்டம்தான். இதில் தாராளமாக விளையாடலாம். ஆனால் அதில் எது எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தம்பி தானாகவே ஒரு வைத்தியம் பார்த்திருந்தான். 'ரேம் பூஸ்டர்' என்று ஒரு மென்பொருளை இறக்கியிருந்தான். பொத்தானை அழுத்தினால் ஒரு ராக்கெட் பறக்கும், "2 ஜிபி மெமரி விடுவிக்கப்பட்டது" என்று வரும். "ரெண்டு ஜிபி க்ளீன் பண்ணுதுண்ணா, அப்படியும் ஸ்டக் ஆவுது" என்று வருத்தப்பட்டான். அவனை உட்கார வைத்துச் சொன்னேன்: அப்படியும் இல்லை தம்பி, அதனால்தான் இன்னும் அதிகமாக ஆகிறது.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு வேண்டும். திரையில் ஓடும் கேம் என்பது வேகமாக மாறும் படங்களின் வரிசை. விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. அதற்குள் பிராசஸர் எல்லாக் கார்களையும் ஆட்களையும் ஓர் அடி நகர்த்த வேண்டும், எது எதன்மேல் மோதியது என்று பார்க்க வேண்டும், இதையெல்லாம் வரை என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்ல வேண்டும். கார்டு வரைந்து முடிக்க வேண்டும். ஒரு படம் தாமதமானால் அது வரும்வரை பழைய படமே திரையில் நிற்கும். நாம் 'ஸ்டக்' என்று சொல்வது இதைத்தான்.

மூலையில் ஓடும் எஃப்.பி.எஸ். எண்ணை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை, மட்டும் நம்பினால் இது பிடிபடாது. ஒரு விநாடியில் 50 படங்கள் தலா 16 மில்லி விநாடியில் வந்துவிட்டன, ஒரே ஒரு படம் மட்டும் 200 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். கூட்டினால் சரியாக ஒரு விநாடி. மீட்டர் 51 என்று காட்டும், பார்க்க நல்ல எண்தான். ஆனால் அந்த 200 மில்லி விநாடியில்தான் கார் சுவரில் மோதியது.

சரி, 200 மில்லி விநாடி எங்கே போனது? இங்கேதான் எங்கள் தெருத் தண்ணீர்க் கதை வருகிறது.

லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்த வீடுகளில் சமையலறை ஓரமாகக் குடங்கள் வரிசையாக இருக்கும். வேண்டியபோது மொண்டுகொள்ளலாம், ஒரு விநாடி வேலை. அது தீர்ந்தால் தெருமுனைத் தொட்டிக்குப் போய், நின்று, பிடித்து, மாடியேறி வர வேண்டும். தொட்டியும் காலி என்றால் அடுத்த லாரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரில் ரேம்தான் அந்தக் குட வரிசை. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகும். சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற வகை டிஸ்க்கிலிருந்து எடுக்க ஏறக்குறைய 100 மைக்ரோ விநாடி, அதாவது ஆயிரம் மடங்கு. ஹார்டு டிஸ்க்கில் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், ஊசி நகர்ந்து வருவதற்கு இன்னும் எட்டு ஒன்பது மில்லி விநாடி. ஆகமொத்தம் 13 மில்லி விநாடி. குடத்தில் மொள்ள ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டு இதைப் பெருக்கிப் பாருங்கள். எஸ்.எஸ்.டி. என்பது 17 நிமிடம்: தெருமுனைத் தொட்டி. ஹார்டு டிஸ்க் என்பது ஒன்றரை நாள்: அடுத்த லாரி.

அந்த 13 மில்லி விநாடியை 16.7 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேமுக்குத் தேவையான ஒரே ஒரு சின்னத் துண்டு ரேமில் இல்லாமல் டிஸ்க்கில் இருந்தால் போதும், கிட்டத்தட்ட ஒரு முழுப் படத்தின் நேரம் காலி. முனையில் திரும்பும்போது புதிய தெரு, புதிய கட்டடங்கள் என்று பதினைந்து துண்டுகள் வேண்டியிருந்தால் 200 மில்லி விநாடி ஆகிவிடும். சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது இதனால்தான்.

ரேம் போதாதபோது அதில் இருப்பதை டிஸ்க்கில் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கும் ஏற்பாடு புதிதல்ல. 1962இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரிலேயே அது இருந்தது, அதில் டிஸ்க்குக்குப் பதில் சுழலும் காந்த உருளை. சின்ன மெமரியைப் பெரிதாகக் காட்டும் அருமையான தந்திரம். ஆனால் ஓர் எல்லை தாண்டினால் இயந்திரம் வேலையை விட்டுவிட்டு, எடுப்பதும் வைப்பதுமாகவே இருக்கும். இந்த நிலை ஏன் வருகிறது என்பதை 1968இல் கம்ப்யூட்டர் விஞ்ஞானி பீட்டர் டென்னிங் தெளிவாக விளக்கினார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் அந்த நேரத்தில் புழங்கும் பக்கங்கள் (மெமரியின் சின்னத் துண்டுகள்) என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. எல்லாப் புரோகிராம்களின் தொகுப்பும் சேர்ந்து ரேமுக்குள் அடங்கும்வரை பிரச்சினை இல்லை. அடங்காமல் போனால் வேகம் கொஞ்சமாகக் குறையாது, சட்டென்று விழும். 8 ஜிபி சிஸ்டத்தில் கேமோடு இருபது பிரவுசர் டேபும் திறந்திருந்தால் நடப்பது இதுதான்.

இப்போது அந்த ராக்கெட்டுக்கு வருவோம். விண்டோஸ் மிச்சமிருக்கும் ரேமைக் காலியாக விட்டுவைப்பதில்லை. சமீபத்தில் பயன்படுத்திய கோப்புகளை, மறுபடி கேட்பார்கள் என்று அதிலேயே வைத்திருக்கும். 'ஸ்டாண்ட்பை' என்று இதற்குப் பெயர். இதன் அசல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, ரேமில் இருப்பது நகல். அதனால் கேமுக்கு இடம் வேண்டும் என்றால் அந்த நகலை உடனே தூக்கி எறிந்துவிட்டு இடத்தைக் கொடுத்துவிடும். அந்த வகையில் ரேம் நம் குடத்தைவிட வசதி: இடம் தேவைப்படும்போது கவிழ்த்தாலும் நஷ்டமில்லாத தண்ணீர். காலி ரேம் என்பதோ வெறும் காலிக் குடம். லாரி வந்துபோன பிறகும் காலிக் குடம் வைத்திருக்கும் வீட்டை யாராவது பாராட்டுவார்களா?

பூஸ்டர் என்ன செய்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் புரோகிராம்களிடமிருந்தும், கேம் உட்பட, அவை புழங்கும் பக்கங்களைப் பிடுங்கி ரேமிலிருந்து வெளியேற்றப் பார்க்கிறது. நிரம்பிய ரேமின் எண் குறைகிறது, ராக்கெட் பறக்கிறது. அடுத்த நொடியே கேம் தன் பொருளைத் தேடுகிறது, சிலது டிஸ்க்குக்கே போயிருக்கிறது, விளக்கு எரிகிறது. நிரப்பி வைத்த குடங்களைத் தெருவில் கவிழ்த்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்பதுபோல. அன்று முதல் வேலையாக அதை நீக்கினோம். தயவுசெய்து யாரும் இந்த மாதிரி எதையும் போடாதீர்கள். சிலவற்றோடு வேறு வேண்டாத மென்பொருளும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையாகவே இடம் வேண்டுமென்றால் தண்ணீர் குடிப்பவர்களைத்தான் குறைக்க வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் பிடித்திருப்பது மேலே வந்து நிற்கும். தம்பியின் சிஸ்டத்தில் முதல் இடம் பிரவுசருக்கு. மூடிவிட்டேன் என்றான், சன்னலைத்தான் மூடியிருந்தான், பின்னால் அது ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் இரண்டு கேம் லாஞ்சர், ஒரு சாட் செயலி, ஒரு பிரிண்டர் மென்பொருள். அந்த வீட்டில் பிரிண்டரே கிடையாது. இவையெல்லாம் கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ஏறிக்கொள்பவை. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் 'டிசேபிள்' கொடுத்தால் போதும், அழிக்க வேண்டியதில்லை. கேமுக்குள்ளேயே டெக்ஸ்ச்சர் (சுவர், சாலை போன்றவற்றின் மேல் ஒட்டும் படம்) தரத்தை ஒரு படி இறக்கினோம். அதில் இன்னொரு லாபமும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டின் 4 ஜிபி நிரம்பி வழிந்தால் மிச்சம் ரேமுக்குத்தான் வரும். அந்த வகைக் கார்டு ஒன்றின் சொந்த மெமரி விநாடிக்கு 112 ஜிபி வரை கொடுக்கக்கூடியது. கார்டுக்கும் ரேமுக்கும் நடுவில் உள்ள பாதையில் ஏறக்குறைய 16 ஜிபிதான் போகும்.

ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்தப் போகாதீர்கள். பட்டியலில் இருக்கும் நூற்றுக்கணக்கான பெயர்களில் பெரும்பாலானவை தூங்குபவை. தூங்குபவரை எழுப்பி வெளியே அனுப்புவதால் பிராசஸருக்கு ஒன்றும் மிச்சமாகாது. ஆன்டி வைரஸை அடியோடு நிறுத்துவதும் வேண்டாம். அதன் முழு ஸ்கேனை விளையாடாத நேரத்துக்கு மாற்றி வைத்தால் போதும். 2017இல் விண்டோஸில் வந்த 'கேம் மோட்' விளையாடும் நேரத்தில் டிரைவர் அப்டேட் ஏறுவதைத் தடுக்கும். அதைப் போட்டே வைக்கலாம்.

பிராசஸர் விஷயத்தில் ஒரு ஏமாற்றும் எண் இருக்கிறது. "சிபியு முப்பது பர்சென்ட்தான் ண்ணா ஓடுது, அது ஃப்ரீயாதான் இருக்கு" என்று தம்பி சொன்னான். நான்கு கோர் உள்ள பிராசஸரில் ஒரு கோர் முழுக்கத் திணறி, மற்ற மூன்றும் சும்மா இருந்தால் மொத்தம் 25 சதவீதம் என்றுதான் காட்டும். பல கேம்களில் முக்கியமான வேலை ஒரே இழையில், ஒரே கோரில் நடக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலுக்காக வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாலையில் இன்னொரு பக்கம் எவ்வளவு இடம் இருந்தாலும், வாசலில் ஒரு நேரத்துக்கு ஒரு லாரிதான் போகும். கேமின் அந்த ஒற்றை வாசலில் வீடியோ பதிவோ, அப்டேட்டைப் பிரித்துப் போடும் வேலையோ குறுக்கே நுழைந்தால் உடனே தெரியும்.

எது வாசல் என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கேமின் ரெசல்யூஷனை (படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை) ஒரேயடியாகக் குறைத்துப் பாருங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் இதுவரை காத்திருந்தது கிராஃபிக்ஸ் கார்டுக்காக. ஏறவே இல்லை என்றால் பிராசஸரோ மெமரியோதான் வழியை அடைத்திருக்கிறது. அப்போது விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்துக்குப் போய் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' என்ற வரிசையைப் பாருங்கள்: வேண்டியது ரேமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போக நேர்ந்த கணக்கு அது. கேமின் பெயருக்கு நேரே அந்த எண் அடிக்கடி எகிறினால், லாரிக்குக் காத்திருக்கிறீர்கள்.

கடைசியாக, நம் ஊருக்கென்றே உள்ள ஒன்று. கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றினோம். பிராசஸர் மேலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல ஒட்டியிருந்தது. கடல் காற்றின் உப்பு ஈரத்தை இழுக்கும், அதன்மேல் லாரிப் புழுதி படியும், ஊதினால் போகாது. சூடு வெளியேற வழியில்லாதபோது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்த ஐ5இல் இது 100 டிகிரியை ஒட்டி நடக்கும். அறையின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் பிராசஸரும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி ஏறும். அதனால் மார்கழியில் நன்றாக ஓடிய கேம் மே மாத மதியத்தில் தள்ளாடும். அதைக் கண்டு மென்பொருளில் எதையாவது நிறுத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, விசிறியைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும், காய்ந்து பொடியாகிப்போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தோம்.

திறந்தபோதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருந்தது. ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவில் உள்ள இரண்டு பாதையில், அதாவது சானலில், ஒன்று சும்மா கிடக்கிறது. அந்தக் கால டிடிஆர்3-1600 ரேமில் ஒரு சானல் விநாடிக்கு 12.8 ஜிபி, இரண்டும் சேர்ந்தால் 25.6. இன்னொரு 8 ஜிபி குச்சி போட்டால் குடமும் இரட்டிப்பாகும், மொள்ளும் வேகமும் கூடும். அதற்கு முன்னால் எஸ்.எஸ்.டி. வாங்கு என்று சொன்னேன். என் அனுபவத்தில் இந்த மாதிரிப் பழைய சிஸ்டத்துக்குச் செலவழிக்கும் முதல் ரூபாய் அதற்குத்தான் போக வேண்டும்.

அவன் இன்னும் வாங்கவில்லை, காசு சேர்க்கிறான். ஆனால் அன்று எல்லாவற்றையும் மூடி, மறுபடி கிளப்பி, அதே கேமில் அதே முனைக்கு வந்தான். வண்டியைத் திருப்பினான். நானும் அவனும் திரையை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்தோம். இரண்டு முறை மினுக்கியது, அணைந்தது. கார் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.